கடிதத்தின் எடை

மடல் எழுதத் தமிழருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அதற்கு எவ்வளவு அஞ்சல்தலை ஒட்டுவது என்னுமிடத்தில்தான் நன்கு கற்றவரும் தடுமாறுவர். ஊரை விட்டுப் பெங்களூரில் குடியேறிய நம் போன்றோர்க்கு அது வெறும் காசுக் கணக்கன்று. ஒட்டியது குறைந்தால், குறைந்த தொகையைப் போல் இரு மடங்கைப் பெறுபவரிடம் தண்டுவது அஞ்சல்துறையின் வழக்கம். இங்கே நாம் விட்ட குறையை ஊரிலுள்ள அன்னையார் தம் சுருக்குப்பையை அவிழ்த்து இரட்டிப்பாய்த் தீர்க்க வேண்டும். 'பேரிங்' கடிதத்தை வேண்டாவென்று திருப்பவும் மனம் வராது; உள்ளே என்ன சேதியோ!

ஒரு காலத்தில் இக்கணக்கு இன்னும் கடினமாயிருந்தது. எடையோடு தொலைவையும் அளந்தனர். கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடையுள்ள கடிதத்திற்கு ஒரு ரூபாய். 1854 அக்டோபரில் தொலைவு கணக்கிலிருந்து நீங்கிற்று. கால் தோலாக் கடிதம் எங்குச் சென்றாலும் அரையணா என்றாயிற்று. கால் தோலா ஏறத்தாழ 3 கிராம். இன்றைய தட்டச்சுத்தாள் ஒன்றுகூட அதற்குள் அடங்காது. மைசூர் அரசுக்கோ 1889 வரை 'அஞ்சே' என்னும் சொந்தத் தபால் இருந்தது. நம் 'அஞ்சலும்' அவர்தம் 'அஞ்சேயும்' செவிக்கு உறவாய் ஒலிப்பதைக் கன்னட நண்பர்களிடம் சொல்லி நாம் மகிழ்வதுண்டு.

தொலைவு நீங்கியதன் அருமை புலம்பெயர்ந்தோர்க்கே புரியும். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்களுக்கு எல்லை வகுத்தனர். அஞ்சல்தலைக்கு அவ்வெல்லை தெரியாது. நாற்பது கிலோமீட்டரிலுள்ள ஓசூருக்கும், சாலைவழி அறுநூறுக்கும் மேற்பட்ட கன்னியாகுமரிக்கும் ஒரே கட்டணம்.

எஞ்சியது எடை ஒன்றே. 2001இல் 20 கிராம் வரையுள்ள கடிதத்திற்கு 5 ரூபாய் என்றாயிற்று. அதற்குமேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும், அதில் ஒரு பகுதியே ஆயினும், மேலும் 5 ரூபாய். நல்ல தட்டச்சுத்தாள் ஒன்று 5 கிராம். மூன்று தாளும் உறையும் தப்பித்துக்கொள்ளும். நான்காம் தாள் வந்தால் உறையே வரம்பைத் தாண்டச் செய்துவிடும். தராசு இல்லாத நம் வீட்டில் பென்சிலின்மேல் அடிக்கோலைக் கிடத்தி, ஒருபுறம் கடிதமும் மறுபுறம் நாணயங்களும் வைப்போம். எழுபதுகளில் வந்த செப்பு நிக்கல் ஐம்பது காசு சரியாக 5 கிராம். நான்கு வைத்தால் வரம்பு. செல்லாக்காசு என்று பிறர் ஒதுக்கிய நாளிலும் அந்நான்கையும் நாம் செலவழிக்கவில்லை.

இன்லண்டு கடிதத்தில் இத்தொல்லை இல்லை. நுணுக்கி எழுதினாலும் பரக்க எழுதினாலும் ஒரே விலை. உள்ளே ஒன்றும் வைக்கலாகாது, அவ்வளவே. இதை நம் பெரியம்மா ஏற்றதேயில்லை. 2003இல் நமக்குக் காய்ச்சல் என்று கேட்டு, குலதெய்வக் கோயில் திருநீற்றைக் காகிதத்தில் மடித்து இன்லண்டினுள் ஒட்டி அனுப்பிவிட்டார். உள்ளே பொருளிருப்பின் அது உறைக்கடிதமாகவே கொள்ளப்படும்: 5 ரூபாயில் இரண்டரை ஒட்டியாயிற்று, குறை இரண்டரை, இருமடங்கு ஐந்து. அல்சூர்த் தபால்காரர் சற்றுத் தயங்கியே கேட்டார். ஐந்து ரூபாயைக் கொடுத்து வாசலிலேயே பிரித்தோம்; அவரும் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார். பெரியம்மாவுக்கு எழுதிய பதிலில் கட்டணத்தைப்பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

1991 டிசம்பரில் காவிரிப் பூசலை ஒட்டி இந்நகரில் கலவரம் மூண்டு, தமிழர் பலர் தாக்குண்டனர். அடங்கியபின் ஊருக்கு எழுத அமர்ந்தபோது கார்டு எடுக்கக் கை வரவில்லை. கார்டை வீடு சேர்க்குமுன் வழியில் நாலுபேர் படித்துவிடுவர். இன்லண்டு ஒன்றில் 'யாவரும் நலம்' என்று எழுதினோம். மீதியிடம் வெறுமையாகவே சென்றது. அதற்கும் முழுவிலைதான்.

இன்று நலம் விசாரிக்கக் கைப்பேசி போதும். ஆயினும் திருமண அழைப்பிதழை ஊர்ப்பெரியவர்களுக்குத் தபாலில் விடுப்பதே மரியாதை. சென்ற தையில் மகள் திருமணத்திற்கு அச்சிட்ட இதழ், கெட்டி அட்டையும் பிள்ளையார் படமுமாய்ச் சமையலறை மின்தராசில் 19 கிராம் காட்டிற்று. நால்மூலையும் மஞ்சள் தடவி உலர்த்தி, உறையிலிட்டு மீண்டும் வைத்தோம்: 24. நூற்றுப்பன்னிரண்டு உறைகளுக்கும் பத்து ரூபாய் வீதம் ஒட்டினோம். மெல்லிய அட்டையில் அச்சிட்டிருக்கலாமே என்றார் சம்பந்தி. மஞ்சள் தடவியிருந்ததால் அவ்விரவு முழுதும் வீடு மணத்தது.