சிரியாத குழந்தைகள்

பழைய நிழற்படங்களிற் குழந்தைகள் ஏன் சிரிப்பதில்லை என்று எம்மிடம் பயிலும் மாணவர் வினவுவதுண்டு. வறுமையோ, தந்தையரின் கண்டிப்போ என்று தாமே காரணம் கற்பித்துக் கொள்வாரும் உளர். காரணத்திற் பாதி கமராவிலேயே இருந்தது என்பதை அவர்கள் அறியார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் படம்பிடிப்போர் கையாண்டது வெள்ளியுப்புப் பூசிய கண்ணாடித் தகடு. மின்னொளி எட்டாத ஊர்களிற் சாளரத்தூடும் கூரைக் கண்ணாடியூடும் வரும் பகலொளியே அவர்க்குத் துணை. மேகம் மறைத்தால் ஓரிரு விநாடியேனும் அசையாதிருத்தல் வேண்டும். மூத்தோர்க்கு அஃது எளிது. மூன்று வயதுப் பிள்ளைக்கோ ஒரு யுகம். சிரிப்பு நெடுநேரம் நில்லாது. இறுகிய முகமே நிற்கும். ஆதலின் அவ்விறுக்கத்தைத் துயரமென்று கொள்ளுதல் பொருந்தாது.

அத்தகடு நிறங்களையும் நம் கண் காண்பதுபோற் காணவில்லை. நீலத்தை வெளிறச் செய்தது, சிவப்பைக் கருமையாக்கியது. குங்குமப் பொட்டும் சிவப்புப் பட்டும் ஒருங்கே கறுத்தன. மாநிறப் பிள்ளை தன்னிலும் கறுத்தே தோன்றிற்று. எல்லா நிறங்களுக்கும் இசையும் தகடு 1906 இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்ததாயினும், பழைய தகடே மேலும் பல ஆண்டுகள் வழக்கில் நின்றது. படம்பிடிப்பவர் கூரிய பென்சிலாலே தகட்டைத் திருத்திப் பெற்றோரின் மனக்குறையை ஒருவாறு தீர்த்துவைப்பார்.

அமெரிக்காவிற் கோடக் நிறுவனம் 1900 இற் பிரௌணி என்னும் சிறு கமராவை ஒரு டொலருக்கு விற்றது. அதுவும் சிறுவரை எண்ணியே. அங்கே பிள்ளைகள் தாமே படம் பிடிக்கத் தொடங்கினர். நம் நாட்டிலோ, கொழும்பிற் பிளாற்றே நிறுவனம் 1890 இலேயே தோன்றியிருந்தும், கிராமத்துப் பிள்ளைகளுட் பலர் கமராவைக் காணாமலே வளர்ந்தனர். படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்ற அச்சமும் வீடுகளில் இருந்தது.

எமது பாட்டனாருக்கு இளமைப் படம் ஒன்றே வாய்த்தது. நான்கு வயதிலே தமக்கையாரோடு எடுத்த படம். பின்னே சீலையிலே தீட்டிய மாளிகைத் தூண்கள். முன்னே பிரம்பு நாற்காலி. பிள்ளையின் காலில் அளவிற் பெரிய இரவற் சப்பாத்து. தம்பி அசையவில்லை. அவன் நாற்காலியிலிருந்து விழுந்துவிடுவானோ என்று தமக்கை அக்கணம் திரும்பினாள் போலும். அவள் முகம் மட்டும் புகைபோற் கலைந்துள்ளது. அடுத்த ஆண்டு காய்ச்சல் அவளைக் கொண்டு சென்றது. வேறு படம் இல்லை. அவர் முகம் எப்படி இருக்கும் என்று சிறுவயதில் நாம் கேட்டபோது, பாட்டனார் சற்றுப் பேசாதிருந்துவிட்டு, “அக்கா என்னைத்தான் திரும்பிப் பாத்தவ” என்று மட்டும் சொன்னார்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, ஆச்சி காணி உறுதிகளோடு அப்படத்தையும் ஒரே பையிலிட்டுச் சுமந்தார். உறுதி காணிக்கு; படம் ஆளுக்கு என்றார். அன்று எத்தனையோ வீடுகளின் படங்கள் சுவரோடு நின்றுபோயின. பின்னர் திரும்பியோர் பலர் சுவரையும் கண்டிலர்.

பாட்டனாரும் ஆச்சியும் இன்றில்லை. அப்பிள்ளையின் பெயரை அறிந்தவர் எம் வீட்டில் நாம் ஒருவரே. அதனைப் படத்தின் பின்புறத்தே பென்சிலால் எழுதிவைத்துள்ளோம். மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். வாசகர் வீடுகளிலும் பெயரறியாப் பிள்ளைகள் கண்ணாடிக்குள்ளே நிற்பர். பெயர் சொல்ல மூத்தோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுதல் நன்று. அதற்கு ஓரிரு விநாடியே போதும்.