விரல் வைத்துப் படிக்கிறவர்கள்

எனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது நானும் ஒரு தொண்டன். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் கற்றுக்கொண்ட கதை ஊருக்கே தெரியும். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. ராத்திரி அடுப்படி வேலை முடிந்து, அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்த கல்குவாரிப் பெண்கள் படித்த விதம்தான் எனக்குள் தங்கிவிட்டது.

எழுத்துக்குக் கீழே விரலை வைப்பார்கள். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டுவார்கள். வாசிப்பு மெதுவாக இருந்தது ஒரு பொருட்டே இல்லை. சிக்கல் நம் வாக்கியத்தில் இருந்தது. தமிழில் வினை கடைசியில்தான் வரும். ‘மேற்படி’யில் தொடங்கி, ‘எனவும்’, ‘என்பதாலும்’ என்று ஆறேழு கண்ணி கோத்த குவாரிக் குத்தகைப் பத்திரத்தில், விரல் வினைக்கு வந்து சேரும்போது யாரைப் பற்றிய பேச்சு என்பது கைவிட்டுப் போயிருக்கும். ஒருவர் கேட்டார்: “இதுல காசு நாங்க குடுக்கணுமா, எங்களுக்குக் குடுப்பாகளா?” பத்திரம் முழுக்க அதைத்தான் சொல்லியிருந்தது.

பல வருஷம் கழித்து எங்கள் விவசாயிகள் குழுவுக்காக இணையத்தில் அறிவிப்புகள் எழுத உட்கார்ந்தபோது அதே விரலை வேறோர் இடத்தில் பார்த்தேன். பார்வையற்ற நண்பர் ஒருவர், பள்ளி ஆசிரியர். போன் திரையில் விரலைத் தள்ளத் தள்ள, அதிலுள்ளதை டாக்பேக் என்னும் செயலி உரக்க வாசித்துக்கொண்டே போகிறது. எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகம். ஆனாலும் அவரும் ஒரு நேரத்தில் ஒரு சொல்லைத்தான் கேட்க முடியும். பார்வையுள்ள நாம் பக்கத்தை மேய்ந்துவிட்டு வேண்டியதை மட்டும் கொத்திக்கொள்கிறோம். அந்த வசதி அவருக்கும் இல்லை, குவாரிப் பெண்களுக்கும் இருந்ததில்லை.

“அண்ணே, யாருக்குங்கறத முதல்லயே சொல்லிருங்க. எனக்கு இல்லன்னா அடுத்த தலைப்புக்குத் தாவிருவேன்ல” என்றார்.

அவரால் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும், அதைத் தலைப்பு என்று குறித்திருந்தால். எழுத்தைக் கொட்டையாக்கி விட்டால் மட்டும் போதாது. இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்டுப் பார்த்தார். ‘இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும்’ என்றது போன். சொடுக்கினால் எங்கே போகும்? இதைவிடக் கூத்து பழைய எழுத்துருக்கள். பாமினியில் அடித்த கோப்பில் ‘தமிழ்’ என்று நமக்குத் தெரிகிற சொல்லுக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். போன் அதைத்தானே வாசிக்கும்? தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பதிகிற யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்து, மின்னணுத் தகவல்கள் அவர்களுக்கும் எட்டும் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனாலும் நோட்டீசைப் போட்டோ எடுத்து அப்படியே ஏற்றுகிற வழக்கம் போனபாடில்லை. அவர் போனுக்கு அது வெறும் ‘படம்’.

2018 நவம்பர் 16 விடியும் முன் கஜா புயல். கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. நாள்கணக்கில் கரண்ட் கிடையாது. எங்காவது ஜெனரேட்டர் ஓடினால் அங்கே போய் போனுக்குச் சார்ஜ் ஏற்றிய நாட்கள். நிவாரணக் கணக்கு ஹெக்டேருக்கு 1,92,500 ரூபாய் என்று வந்தது. தோப்புக்காரர் ஹெக்டேரிலா பேசுவார்? மரத்தை எண்ணுவார். அந்தத் தொகை 175 மரத்துக்கான கணக்கு. நாங்கள் இப்படி எழுதினோம்:

விழுந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய். மரத்துக்கு 600. வெட்டி அப்புறப்படுத்த 500.

‘அரசாணை மாதிரியே இல்லையே, யாரும் நம்ப மாட்டார்கள்’ என்று குழுவிலேயே ஒருவர் முகம் சுளித்தார். அவர் பயத்தில் நியாயம் உண்டு. நம் ஊரில் கடினமாக இருந்தால்தான் அதிகாரபூர்வம். அதனால் அரசு அறிவிப்புக்கான இணைப்பைக் கடைசியில் வைத்தோம், ‘அரசு அறிவிப்பை முழுதாகப் படிக்க’ என்று பெயரிட்டு. சுருக்குகிறேன் என்று விஏஓ, ஆர்ஐ என முதலெழுத்துகளை அடுக்குவதும் எனக்குப் பிடிக்காது. அது எழுதுகிறவருக்குத்தான் சுருக்கம்.

அந்த மூன்று வரியைக் கேட்டதும் ஒரு பெரியவர் மடக்கினார். “விழுந்ததுக்குச் சரி. மண்டை முறிஞ்சு மொட்டையா நிக்குதே, அதுக்கு?” ஹெக்டேர்க் கணக்கில் இருந்தவரை இந்தச் சந்தேகம் யாருக்கும் வரவில்லை, எனக்கும்தான். பதில் எங்களிடம் இல்லை. அவரும் கூட இன்னும் சிலருமாக அதைக் கேட்டுவர தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினார்கள்.