கல்லும் அதன் வரலாறும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை ஓங்கி நிற்கின்றது. அங்குப் பிறந்து வரும் கோமுகியாற்றின் கரையில் வெண்மையான குவார்ட்சுக் கல் ஒன்று கிடக்குமாயின், வழிப்போக்கர் மிதித்துச் செல்வர். கல்லார்வலரோ குனிந்து நோக்குவர். செருமானிய அறிஞர் மோசு 1812-இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் அஃது ஏழாம் படியினது. கண்ணாடியையும் கீற வல்லது. அவ்வினக் கல்லையே நொய்யற்கரைக் கொடுமணலிற் பண்டைத் தமிழர் துளையிட்டு மணியாக்கினர்.

அம்மணிகள் கிடந்த மண்ணடுக்கை அகழ்ந்தோர் குறித்து வைத்தமையாலன்றோ அவற்றின் காலம் விளங்கிற்று? கல் திரட்டும் கழகத்தாரும் ஒவ்வொரு கல்லோடும் அது கிடைத்த இடத்தைச் சீட்டில் எழுதி வைப்பர். இடம் அறியாத கல், எத்துணை ஒளி வீசினும், ஊமையே.

மாணவர்களே! கல்வராயனின் காப்புக்காடுகளிற் கல்லை எடுத்தல் தகாது. கண்ட இடத்தையும் இயல்பையும் ஏட்டிற் குறித்து வருக. கல்லின் விலையை வணிகர் அறிவர். அதன் வரலாற்றை நீவிர் அறிமின்.