கொம்பு மட்டும் சிவப்பு

பி.காம். மூணாம் வருஷம் படிக்கிறவனுக்கு ஜாவாஸ்க்ரிப்ட் எதுக்குன்னு கேக்காதீங்க. எல்லாம் தாத்தாவால் வந்தது.

மயிலாப்பூர் வீட்டுப் பரணில் ஒரு சிடி கிடைத்தது. தாத்தா 2002-ல் தட்டச்சு செய்து வைத்த பக்கங்கள். திறந்தால் ஒரே ஜிலேபி! தலையில் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் பாதிக் குறிகளும். தாத்தா போய் ஆறு வருஷமாகிறது. "என்னடா எழுதியிருக்கார், படிச்சுக் காட்டேன்" என்று பாட்டி தினமும் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

நிற்க. கொஞ்சம் சரித்திரம். அப்போதெல்லாம் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டைத் தரமாக்கியது. இணையத்தில் பலர் திஸ்கியில் எழுதினார்கள். யுனிகோடை அரசு ஏற்றது 2010-ல்தான். தாத்தாவுடையது திஸ்கி.

சுரதாவின் பொங்குதமிழ் மாதிரி மாற்றியில் வெட்டி ஒட்டலாம். ஆனால் வண்ணம், படம், சுட்டி எல்லாம் போய்விடும். பக்கம் அப்படியே இருக்க, எழுத்து மட்டும் மாற வேண்டும். முன்பு பத்மா என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி செய்த வேலை அது. நானே முயன்றேன்.

வலைப்பக்கம் ஒரு மரம் மாதிரி. கிளையெல்லாம் டேக், நாம் படிக்கிற சொற்கள் இலை. அந்த இலைக்குப் பெயர் டெக்ஸ்ட் நோட். ட்ரீவாக்கர் மரம் முழுக்க நடந்து ஒவ்வொரு இலையாகக் கொடுக்கும்; அதன் நோட்வேல்யூவை மட்டும் மாற்றினால் கிளைக்குச் சேதமில்லை.

திஸ்கியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி கொம்பு முதலில், மெய் பிறகு. யுனிகோடில் மெய்தான் முதலில். இடம் மாற்றிப் போட்டேன். எல்லாம் வந்தது, தலைப்பைத் தவிர! 'தெப்பம்' என்பது ஒரு புள்ளி வட்டத்தோடு ஒற்றைக் கொம்பாகவும், பக்கத்தில் 'தப்பம்' என்றும் நின்றது.

இரண்டு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு புரிந்தது. தாத்தா முதல் எழுத்தைச் சிவப்பாக்க நினைத்திருக்கிறார். கணினிக்கோ கொம்பு தனி எழுத்து. அதனால் கொம்பு மட்டும் சிவப்பு. அது ஒரு நோட், மீதி அடுத்த நோட். என் நிரலோ ஒரு நோடுக்குள்ளேயே மெய்யைத் தேடிக்கொண்டிருந்தது.

ஆறே வரி. கொம்பில் முடிகிற நோடைக் கண்டால், அடுத்த நோடின் முதல் எழுத்தையும் அதற்குள் இழுத்துக்கொள். இப்போது 'தெ' முழுசும் சிவப்பு. தாத்தா ஆசைப்பட்டபடியே.

கபாலி கோயில் தைப்பூசத் தெப்பத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தார். பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். "நானும்தானே கூடப் போனேன், என்னைப் பத்தி ஏதாவது இருக்கா?" என்றாள்.

இருந்தது. நாலாவது பத்தியில். அதை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னாள் :-)