காப்பரா, அலுமினியமா?

ஃபேன் வாங்கப் போனாலும் சரி, மிக்ஸி மோட்டாரை ரீவைண்டிங்குக்குக் கொடுத்தாலும் சரி, நம்ம ஊரில் முதல் கேள்வி, "காப்பர் வைண்டிங்தானே?" அலுமினியம் என்றால் முகம் சுளிப்பார்கள். எலக்ட்ரிக்கல் நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அங்கே அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் கம்ப்யூட்டர் ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட் சிங்க் விஷயத்தில் பதில் அத்தனை சுலபமில்லை. இதை நான் படித்தது லேபில் அல்ல, என் அக்காவின் டி.டி.பி. கடையில்.

அக்காவிடம் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதுவும் செகண்ட் ஹேண்ட். உள்ளே 2011-ல் வந்த கோர் ஐ3 2120 ப்ராசஸர், 65 வாட். அதன் தலையில் முழு அலுமினிய ஹீட் சிங்க். போன மே மாதம், அட்மிஷன் அப்ளிகேஷன் போட வாசல் வரை கூட்டம் நிற்கிற நேரம். மத்தியானம் பன்னிரண்டு தாண்டினால் மெஷின் தானாக அணைந்துவிடும். பாதி நிரப்பிய ஃபார்ம் போயே போச்சு! மேலே தகர ஷீட், உள்ளே 40 டிகிரி. ஒரே வாரத்தில் பாதிக் கூட்டம் எதிர்க் கடைக்குப் போய்விட்டது. கடை வாடகையும் என் ஃபீஸும் அந்த மெஷினிலிருந்துதான் வரவேண்டும். "எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறியேடா, என்னன்னு பாரேன்" என்றாள் அக்கா.

கடைத்தெருவில் விசாரித்தேன். ஒருவர் பளபளவென்று முழு காப்பர் ஹீட் சிங்கைக் காட்டி 2,400 ரூபாய் என்றார். பக்கத்துக் கடைக்காரர், "காப்பர் சூட்டை வாங்கும், ஆனா விடாது தம்பி. அலுமினியமே போடு" என்றார். இரண்டு பேரும் அடித்துச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன்.

செம்பின் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 400 (அலகு: ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, இத்தனை வாட்). சுத்தமான அலுமினியத்துக்கு 237. ஹீட் சிங்க் செய்யப் பயன்படும் 6063 அலாயில் சுமார் 200 என்று வைத்துக்கொள்ளலாம். ஆக செம்பு இரண்டு மடங்கு. ஆட்டம் முடிந்த மாதிரி இருக்கிறதல்லவா? பொறுங்கள். 3 செ.மீ. சதுரம், 5 மி.மீ. தடிமன் உள்ள அடித்தகட்டில் 65 வாட் நேராக மேலே ஏறட்டும். தகட்டின் அடிக்கும் மேலுக்கும் அலுமினியத்தில் 1.8 டிகிரி வித்தியாசம், செம்பில் 0.9. லாபம் ஒரு டிகிரிகூட இல்லை! நிஜத்தில் சூடு சின்னஞ்சிறு சிப்பிலிருந்து கிளம்பிப் பக்கவாட்டில் பரவ வேண்டும். அதனால் லாபம் இன்னும் சில டிகிரி கூடும். செம்பின் பலம் அந்த நடு இடத்தில்தான்.

பெரிய தடை அதற்கு மேலே, ஃபின்னிலிருந்து காற்றுக்குப் போகும் இடத்தில். ஒரு வாட்டுக்கு 0.4 டிகிரி என்றால் 65 வாட்டுக்கு 26 டிகிரி. அதைக் குறைப்பது ஃபின்களின் பரப்பும் ஃபேன் காற்றின் வேகமும். 'நீ செம்பா, அலுமினியமா' என்று காற்று ஜாதகம் கேட்பதில்லை. எனவே 'காப்பர் விடாது' என்பதும் கதைதான்.

எடையைப் பாருங்கள். அடர்த்தி செம்புக்கு 8.96, அலுமினியத்துக்கு 2.70. நிற்கிற கேபினெட்டில் இந்தப் பாரம் மதர்போர்டில் பக்கவாட்டில் தொங்குகிறது. ஜால்மன் கம்பெனியின் சி.என்.பி.எஸ். 7000 கூலர் முழுச் செம்பில் 773 கிராம், செம்பும் அலுமினியமும் கலந்ததில் 445 கிராம். பென்டியம் 4-ன் 478 பின் சாக்கெட்டுக்கு இன்டெல் வைத்த வரம்போ 450 கிராம்! விலையும் கிலோவுக்கு அலுமினியத்தைப் போல் மூன்று, நான்கு மடங்கு. போதாததற்கு, சூடாக்கிய அலுமினியத்தை முறுக்கு உரலில் மாவு பிழிவதுபோல அச்சில் தள்ளினால் ஃபின்னோடு வெளியே வரும். செம்பு அவ்வளவு லேசில் மசியாது. ஆட்டோமொபைல் பசங்களுக்குத் தெரியும், பைக் எஞ்சினில் வரிவரியாக நிற்கும் ஃபின் என்ன உலோகம் என்று.

கடைசியில் நான் வாங்கியது 750 ரூபாய்க்கு ஒரு 'கலப்புத் திருமணம்': நடுவில் செம்புக் கட்டை, சுற்றிலும் அலுமினிய ஃபின். இன்டெல்லே சில ப்ராசஸர்களோடு இப்படித்தான் கொடுத்தது. பெரிய கூலர்களிலும் செம்பு ஹீட் பைப், அலுமினிய ஃபின் என்பதே வழக்கம்.

புதுசை மாட்டும் முன் பழையதைக் கழற்றினேன். ஃபின் நடுவே தூசி கம்பளி போர்த்தியிருந்தது. தெர்மல் பேஸ்ட் சாக்பீஸ் பொடியாக உதிர்ந்தது. சும்மா இருப்பானேன் என்று துடைத்து, புதுப் பேஸ்ட் தடவி அதையே மாட்டிப் பார்த்தேன். நூறைத் தொட்டுக்கொண்டிருந்த சூடு 82-க்கு இறங்கியது. ஐம்பது ரூபாய் பேஸ்ட் செய்த வேலை! பிறகு புதுசை மாட்டியதும் 71. அதே மத்தியானம், அதே தகர ஷீட். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் எதிர்க் கடையிலேயே பழகிவிட்டார்கள்.

கழற்றிய அலுமினிய ஹீட் சிங்க் வீணாகவில்லை. அறுத்து, எங்கள் ப்ராஜெக்ட் பவர் சப்ளையில் 7805 ரெகுலேட்டருக்கு முதுகாக வைத்திருக்கிறோம். வைவாவில் "ஏம்ப்பா, காப்பர் போடலையா?" என்று எக்ஸ்டர்னல் கேட்க வேண்டும் என்பதுதான் இப்போதைக்கு என் ஒரே வேண்டுதல்.