வரவுப் பக்கம்

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டு, நீள நோட்டை மடியில் வைத்துக்கொள்வார். அன்றைய கணக்கு. இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. கீரைக்கட்டு மூன்று ரூபாய், சைக்கிள் பஞ்சர் ஆறு ரூபாய், கோயில் வாசலில் தர்மம் ஒரு ரூபாய்... எல்லாம் ஏறும். கூட்டல் உதைத்தால் மனுஷனுக்குத் தூக்கம் வராது. தூங்குகிற அம்மாவை எழுப்பி, “அந்த ரெண்டு ரூபா எங்க போச்சு?” என்பார். அம்மா கண்ணைத் திறக்காமலே, “கறிவேப்பிலை” என்பாள். “அதைக் கொசுறாத்தானே தருவான்?” என்று அடுத்த கேள்வி வரும். பதில் வராது.

பொதுப்பணித் துறையில் கணக்கராக இருந்து 58 வயதில் ரிட்டையர் ஆனவர். நான் ஒரே பெண். என்னை பி.காம். சேர்த்தது அவர்தான். பேங்க்கில் வேலை கிடைக்கும், மாயவரத்திலேயே போஸ்டிங் போட்டுவிடுவார்கள், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று எனக்காக ஒரு வாழ்க்கையையே கூட்டிக் கழித்து வைத்திருந்தார். நான் பத்திரிகைக்குப் போனேன். “பேலன்ஸ் ஷீட் படிச்சிட்டு ஊர்க்கதை எழுதுது” என்று எல்லோரிடமும் சொல்வார். ஆனால், என் பெயர் வந்த பக்கங்களைக் கத்தரித்து வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்தது 2005-ம் வருஷக் கோடையைப் பற்றி. எனக்கு அப்போது 26 வயது. மகள் 2004 ஜூலை 3-ம் தேதி பிறந்தவள். ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவில் இருந்தேன். ஜூன் 13-ம் தேதி ஆபீஸுக்குத் திரும்பவேண்டும், பாப்பா கொஞ்ச நாளைக்கு மாயவரத்தில் அம்மா, அப்பாவிடம் இருப்பாள், நான் வாராவாரம் போய்வருவேன் என்று ஏற்பாடு. அதற்கு முன்னால் இருக்கிற வேண்டுதல், விசேஷம், ஊர்சுற்றல் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று கிளம்பினோம்.

ஏப்ரல் கடைசியில் வைத்தீஸ்வரன்கோயிலில் மொட்டை. ஒற்றைப்படை மாதத்தில் போடவேண்டும் என்றார்கள். பாப்பாவுக்கு ஒன்பது முடிந்து பத்து நடந்துகொண்டிருந்தது. இது ஒற்றையா, இரட்டையா என்று என் மாமியாருக்கும் என் அத்தைக்கும் வேனில் போகும்போதே விவாதம். “முடிஞ்ச மாசம்தான் கணக்கு. நடக்கிற மாசத்தை எந்த ஆடிட்டரும் ஒத்துக்கமாட்டான்” என்று அப்பா தீர்ப்பு சொன்னார். தாய்மாமன் முறைக்கு வந்த என் சித்தப்பா மகன் மடியில் பாப்பா வீறிட்டு அழ, கடைசியில் தாத்தா மடியில் உட்கார்ந்துதான் மொட்டை அடித்துக்கொண்டாள். சந்தனம் பூசின தலையோடு அவர் தோளில் அப்படியே தூங்கிப்போனாள். அவர் சட்டையெல்லாம் சந்தனம்.

மே மாதம் ஊட்டி. என் வீட்டுக்காரர், மாமியார், மாமனார் என்று அந்தப் பக்கத்து ஆட்களோடு நாலு நாள். மலை ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை. பாப்பாவுக்குக் காதுவலி. ஊட்டியைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

ஜூன் 5-ம் தேதி திருக்கடையூர். அப்பாவுக்கு அறுபது முடிந்தது. அவர் 1945-ல் பிறந்தபோது பார்த்திப வருஷம். அறுபது வருஷச் சுற்று முடிந்து, மறுபடி பார்த்திப வருஷம் வந்து நின்றது. திருக்கடையூர் போனவர்களுக்குத் தெரியும். எந்தப் பிராகாரத்தில் திரும்பினாலும் மாலையும் கழுத்துமாக வயதான மாப்பிள்ளை, பொண்ணுகள். அறுபதுக்கு ஒரு கூட்டம், எழுபதுக்கு ஒரு கூட்டம், எண்பதுக்கு ஒரு கூட்டம். பேரப்பிள்ளைகள் கைதட்ட, தாத்தாக்கள் வெட்கப்பட்டுக்கொண்டே தாலி கட்டுகிறார்கள். பவுன் ஐயாயிரத்துக்குள் இருந்த காலம் அது. அம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, இவளும் ஒருகாலத்தில் கல்யாணப் பொண்ணாக இருந்திருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மார்க்கண்டேயனுக்காக சிவன் எமனை உதைத்த தலம். கால சம்ஹார மூர்த்தி சந்நிதியில் நிற்கும்போது அப்பா என் காதருகே, “இனி ஒரு பத்து வருஷத்துக்குக் கவலை இல்லம்மா. அடுத்தது எழுபதுக்கு வந்தாப் போதும்” என்றார்.

அங்கிருந்து தரங்கம்பாடி பக்கம்தான். கடலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டையின் முன்னால் நின்றோம். சுனாமி வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். டிசம்பரில் என் ஆபீஸே நாகப்பட்டினத்தில் இருந்தபோது, நான் ஆறு மாதக் குழந்தையோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தவள். வழியில், தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்பு. உள்ளே இருக்க முடியாத வெக்கை. பெண்கள் எல்லாம் வெளியே நிழல் தேடி உட்கார்ந்திருந்தார்கள். வேன் டிரைவர் தண்ணீர் பிடிக்க நிறுத்தினார். ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், எழுந்து வந்து பாப்பாவின் மொட்டைத் தலையைத் தடவினாள்.

“எத்தினி மாசம்?”

“பதினொண்ணு.”

“நடக்குதா?”

“இன்னும் இல்லைங்க. பிடிச்சிக்கிட்டு நிக்குறா.”

“நடக்கும். அவசரப்படுத்தாதீங்க” என்றாள். அவளுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று நான் கேட்கவில்லை. பையில் பேனாவும் குறிப்பு நோட்டும் இருந்தன. எடுக்கவில்லை. அப்பா வேனிலிருந்து இறங்கி, விசேஷத்தில் மிச்சமிருந்த பழம், பலகாரத்தையெல்லாம் அங்கிருந்த குழந்தைகளிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

ஜூன் 12-ம் தேதி ராத்திரி, பாப்பா தூங்கின பிறகு சென்னைக்கு பஸ் ஏறினேன். அந்த வாரத்தைப் பற்றித் தாய்மார்களுக்கு விளக்க வேண்டாம். மார்பில் பால் கட்டிக்கொண்டு, ஆபீஸ் பாத்ரூமில் கதவைத் தாழ்போட்டு, பீச்சி வாஷ்பேசினில் விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து ப்ரூஃப் பார்த்தேன். தினமும் ராத்திரி எட்டரைக்கு ஃபோன். என் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான். “நடந்தாளா?”

பல் முளைத்ததை நான் பார்த்தேன். தவழ்ந்ததைப் பார்த்தேன். இதையும் பார்த்துவிடவேண்டும் என்று ஒரு பேராசை. என் வீட்டுக்காரர் கலர் கலராக பிளாஸ்டிக் வாக்கர் வாங்கிக் கொடுத்திருந்தார். அப்பா அதைப் பரணில் ஏற்றிவிட்டு, ஆசாரியிடம் சொல்லி மரத்தில் நடைவண்டி செய்து வாங்கியிருந்தார். இந்த விஷயத்தில் நான் அப்பா கட்சி.

“இல்லம்மா. நடைவண்டியைத் தள்ளிக்கிட்டு வீடு பூரா சுத்துறா. கையை விடமாட்டேங்கிறா” என்பார் அப்பா. வியாழக்கிழமை ஃபோனில், “நீ வந்துதான் நடப்பாளாம். எங்கிட்ட சொல்லிட்டா” என்றார்.

19-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் உட்கார்ந்து கையை நீட்டினேன். பாப்பா நடைவண்டியை விட்டுவிட்டு வந்தாள். ஆறேழு அடி. பொத்தென்று என் மடியில் விழுந்தாள். நான் அழுதேன். அப்பாதான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். “நான் சொன்னேன்ல? அம்மா வரட்டும்னு இருந்திருக்கா!” அன்றைக்கே தேதியை ஆல்பத்தில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ராத்திரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “என்ன புழுக்கம்!” என்றார். நானும், “ஆமாம்ப்பா” என்றேன். ஜன்னல் சீட் கிடைக்குமா என்பதில் இருந்தது என் கவனம்.

செவ்வாய்க்கிழமை, ஜூன் 28. பால் வாங்கிக்கொண்டு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்தார். அம்மா காபியோடு வெளியே வந்தபோது தூணில் சாய்ந்திருந்தார். எனக்கு ஃபோன் வந்தபோது மணி ஆறு பத்து.

ஜூலை 3-ம் தேதி பாப்பாவின் முதல் பிறந்தநாள். துக்க வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அம்மா மட்டும் சமையலறைக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய், ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டுவிட்டு வந்தாள்.

துக்கம் கேட்க வந்த உறவுக்காரம்மா ஒருத்தர், நான் பக்கத்து அறையில் இருப்பது தெரியாமல் சொன்னார். “அறுபது வயசுல பச்சப்புள்ளையைத் தூக்கித் தூக்கி அலைஞ்சா நெஞ்சு தாங்குமா? அவ வேலைக்குப் போகணும்னு அவர் உசிரு போச்சு.” யாரும் மறுத்துப் பேசவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஏற்கெனவே எனக்குள் நான் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவர் சத்தமாகச் சொன்னார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. குடும்ப பென்ஷனுக்கு மனு, வாரிசுச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக்... பி.காம். படித்தது அதற்காவது உதவியது. யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பார்க்க நோட்டை எடுத்தேன். கிளி கொத்தின மாதிரி அதே சின்ன எழுத்து. ‘பாப்பா பிறந்தநாள் கவுன். தையல் கூலி 80. முன்பணம் 30. பாக்கி 50’ என்று ஒரு வரி. டெய்லர் கடைக்குப் போனேன். மஞ்சள் கவுன், தைத்து மடித்துத் தயாராக இருந்தது. ஐம்பது ரூபாயை நீட்டினேன். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என நினைத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “சாருக்குக் கணக்கு பாக்கி வெச்சாப் புடிக்காதும்மா” என்றார்.

அன்று ராத்திரி நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. ‘ஜெலுசில் 1.’ நெஞ்சு கரிக்கிறது என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வாயுத் தொல்லை என்று நினைத்து, தானே கடையில் வாங்கிக் குடித்திருக்கிறார். (அறுபது வயதில் நெஞ்சு எரிச்சலோடு வியர்த்துக் கொட்டினால் அது வாயுவாக இல்லாமலும் போகலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது அப்புறம்தான்.) தேதிகளைத் தனித்தாளில் எழுத ஆரம்பித்தேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்காக எழுதவில்லை, எனக்காக எழுதினேன். தணிக்கை!

மே 21. அன்று பாப்பா எங்களோடு ஊட்டியில். ஜூன் 4, திருக்கடையூருக்கு முதல் நாள். அன்றும் அவளை என் வீட்டுக்காரர்தான் வைத்திருந்தார். ஆக, பாப்பாவைத் தூக்கி அலைவதற்கு முன்னாலேயே வலி இருந்திருக்கிறது. எனக்குள் இருந்த வக்கீல் எழுந்து நின்றுவிட்டார். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். ஜூன் 14. ஜூன் 17. ஜூன் 24. தேதிகள் நெருங்கிக்கொண்டே வந்தன. வக்கீல் உட்கார்ந்துவிட்டார். கணக்கு படித்தவளால் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துப் பேசமுடியாது. இன்றுவரைக்கும் அந்தக் கணக்கை என்னால் முடிக்க முடியவில்லை.

பதினான்குக்கும் பதினேழுக்கும் நடுவில், ஜூன் 15 புதன்கிழமை. வலது பக்கத்தில் கீரை, சோப்பு, தபால் கார்டு. இடது பக்கம், அதாவது வரவுப் பக்கம், ஒரே ஒரு வரி. ‘பாப்பா நடந்தது. 4 அடி. காலை 10.20.’ தொகை எழுதுகிற இடத்தில் சின்னதாக ஒரு கோடு.

நான் பார்த்ததற்கு நாலு நாள் முன்னால்!

என்னிடம் ஃபோனில் பொய் சொல்லியிருக்கிறார். நோட்டிடம் சொல்ல அவருக்கு வரவில்லை. உருகிப்போனேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் முதலில் எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்புறம் கோபம். வலியையும் என்னிடம் சொல்லவில்லை, இதையும் சொல்லவில்லை. நோட்டை மூடி அலமாரியில் வைத்தேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் எங்களோடு சென்னைக்கு வந்தாள், பாப்பாவை வளர்த்தாள், நான் வேலைக்குப் போனேன்.

மகள் இப்போது இருபது தாண்டிவிட்டாள். போன கோடையில் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க அலமாரியைக் காலி பண்ணும்போது, ஆல்பமும் நோட்டும் ஒன்றாக அவள் கையில் சிக்கின. ஒன்றில் 19, இன்னொன்றில் 15. “எதும்மா கரெக்ட்?” என்றாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“புதன்கிழமைதான். தாத்தா பேப்பர் படிச்சிக்கிட்டிருந்தாங்க. நீ நடைவண்டியை விட்டுட்டு, அவுங்க நாற்காலியைப் பார்த்து வந்தே. கண்ணாடியைக் கழட்டிட்டு, மூச்சு விடாமப் பார்த்தாங்க. எங்கிட்ட, ‘உஸ்! அவகிட்ட சொல்லிடாதே. ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கட்டும்’னாங்க. அப்புறம் கடியாரத்தைப் பார்த்தாங்க.”

“எந்தக் காலைப் பாட்டி முதல்ல எடுத்து வெச்சேன்?”

அம்மா கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டாள்.

“நான் அடுப்படியிலேர்ந்து வர்றதுக்குள்ள ரெண்டு அடி வெச்சுட்டே. அதெல்லாம் உங்க தாத்தாவைத்தான் கேக்கணும்.”