ஏழு பிபி ரீடிங்கும் ஒரு சராசரியும்

போன மாசம் என் அம்மாவுக்கு பிபி மாத்திரையை நான்தான் கூட்டினேன். அது தப்பு. ஏன்னு சொல்றேன்.

அம்மாவுக்கு வயசு 71. ஊர்ல தனியா இருக்காங்க. தினமும் காலைல மெஷின்ல பிபி பார்த்து நோட்டுல எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு வாரம் கழிச்சு போட்டோ அனுப்பினாங்க. மேல் அளவு மட்டும் இதோ:

128, 132, 126, 130, 188, 134, 128

ஓபி கூட்டத்துக்கு நடுவுல அவசரமா கணக்குப் போட்டேன். மொத்தம் 966. ஏழால் வகுத்தால் 138. வீட்டில் பார்க்கும் பிபி சராசரி 135-ஐத் தாண்டினால் அதிகம் என்று எடுத்துக்கொள்வோம். "அரை மாத்திரைக்குப் பதிலா முழுசா போடுங்கம்மா"ன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டேன்.

நாலாம் நாள் போன். "காலைல எந்திரிச்சதும் கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சுப்பா. கதவைப் பிடிச்சுக்கிட்டேன்."

அந்த வயசில் விழுந்தால் இடுப்பு எலும்பு உடையலாம். கதவு கைக்கு எட்டியதால் தப்பிச்சாங்க.

மாத்திரையைப் பழையபடி அரையாக்கிட்டு நோட்டை மறுபடி பார்த்தேன். எண்களை வரிசைப்படுத்தினேன்:

126, 128, 128, 130, 132, 134, 188

நடுவில் நிற்பது 130. பள்ளிக்கூடத்தில் 'இடைநிலை அளவு' என்று படிச்சோமே, அந்த மீடியன் இதுதான். ஆறு நாள் 135-ஐத் தொடவே இல்லை. ஒரே ஒரு 188 சராசரியை மேலே இழுத்துடுச்சு. அது 208-ஆ இருந்திருந்தாலும் நடு எண் 130 தான்.

"அஞ்சாம் நாள் என்னம்மா ஆச்சு?"

"மோட்டார் ரிப்பேர். ரெண்டு குடம் தண்ணி தூக்கிட்டு வந்த கையோட பார்த்தேன்."

இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கணும்.

அதுக்காக சராசரி பொய், மீடியன்தான் உண்மைன்னு அர்த்தம் இல்லை. நாங்களும் சராசரியை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். ஆனா கையில் இருப்பது ஏழே எண் என்றால், ஒன்று கெட்டாலும் சராசரி கெடும். ரெண்டையும் பாருங்க. இடைவெளி பெருசா இருந்தா எந்த எண், ஏன்னு கேளுங்க.

188-ஐ அடிச்சுப் போட்டுடவும் கூடாது. அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டு மறுபடி பாருங்க. அப்பவும் அப்படியே இருந்தா டாக்டரிடம் சொல்லுங்க. கூடவே நெஞ்சு வலி, பேச்சுக் குழறல் இருந்தா உடனே ஆஸ்பத்திரி.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பிபி நோட்டுல எண்ணுக்குப் பக்கத்துல, அப்போ என்ன செஞ்சுட்டு இருந்தீங்கன்னு ஒரு வரி எழுதுங்க. எங்களுக்கு அது ரொம்ப உதவும்.